சிவப்பு மையும் ஒரு சிங்களக் கவிஞரும்

நான் ஆசிரியப் பணியை ஏற்ற தொடக்க ஆண்டுகளில் நடந்த ஒரு சிறு சம்பவத்திலிருந்து இக்கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. அது என் பிழையைப் பற்றியது. ஆகையால் அதைச் சுருக்காமலும் அலங்கரிக்காமலும் சொல்ல விரும்புகிறேன்.

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் பெருஞ்சாலையில், கட்டுகஸ்தோட்டையைக் கடந்து சிறிது தூரம் சென்றால் எங்கள் அக்குறணை வரும். சாலையின் இருமருங்கும் கடைகள். கடைகளுக்குப் பின்னால் மலைச்சரிவில் வீடுகள். நடுவே பிங்கா ஓயா. வெயிற்காலத்தில் அந்த ஓடையைச் சிறுவர்கள் கணுக்கால் நனையக் கடந்துவிடுவார்கள். மலைப்புறத்தில் இரண்டு மணி நேரம் அடைமழை பெய்தால் போதும், அதே ஓடை கடைவீதிக்குள் ஏறி, அரிசி மூட்டையையும் துணிக்கட்டையும் ஒரே நிறமாக்கிவிட்டுப் போகும். ஓடைக்கரை ஆண்டுதோறும் குறுகி வருவதையும், அதன் மீது கட்டிடங்கள் நெருங்கி வருவதையும் ஊரில் எல்லோரும் அறிவர், பேசுவோர் சிலரே.

அவ்வாறான ஒரு வெள்ளத்துக்குப் பின், பத்தாம் தர மாணவர்களிடம் ‘மழைக்காலம்’ என்ற தலைப்பில் கவிதை எழுதி வரச் சொல்லியிருந்தேன். பெரும்பாலோர் கார்முகிலையும் தோகை மயிலையும் கொண்டுவந்தனர். அக்குறணையில் மயிலைக் கண்டவர் எவருமில்லை என்பது அப்போது எனக்கு ஒரு குறையாகத் தோன்றவில்லை. எதுகையும் மோனையும் இருந்தன; நான் மகிழ்ந்து புள்ளி வழங்கினேன். ஒரு மாணவி மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தாள். வெள்ளம் சலாம் சொல்லாமல் வீட்டுக்குள் வந்ததாம். வாப்பா ஏலக்காய்ச் சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு நின்றாராம். உம்மா முதலில் குர்ஆனையும் பின்பு தம்பியின் பாடசாலைப் பையையும் அலுமாரியின் உச்சியில் வைத்தாராம். ஊரெல்லாம் இருளில் கிடக்க, ஓடையோரத்துப் பெரிய கட்டிடத்தில் மட்டும் விளக்கு எரிந்ததாம். அவ்வளவுதான். அடிகள் சில நீண்டும் சில ஒரே சொல்லாகவும் இருந்தன. வெள்ளத்துக்கு அவள் ‘கங்வத்துர’ என்ற சிங்களச் சொல்லை எழுதியிருந்தாள். எங்கள் ஊரில் வெள்ளம் வருகிறதென்று கூவுகிறவர்கள் அப்படித்தான் கூவுகிறார்கள்.

நான் சிவப்பு மையை எடுத்தேன். ‘கங்வத்துர’வை வெட்டி ‘வெள்ளம்’ என்று எழுதினேன். ‘வந்திச்சி’யை வெட்டி ‘வந்தது’ என்று எழுதினேன். ணகரமும் னகரமும் மாறியிருந்த இடங்களை வட்டமிட்டேன். இறுதியில், “எதுகை எங்கே? மோனை எங்கே? இது வசனம்” என்று குறிப்பெழுதிக் கையொப்பமிட்டேன். வகுப்பில் அதை வாசித்தும் காட்டினேன். அவள் ஒரு கேள்வி மட்டும் கேட்டாள்.

“சேர், வாயால சொல்லக்குள்ள ரெண்டு ‘ன’வும் ஒண்டு மாதிரித்தானே ஈக்கி? எழுதக்குள்ள மட்டும் ஏன் ரெண்டு?”

நான் நன்னூலைத் துணைக்கழைத்து, நாநுனி அண்ணத்தைத் தொடும் இடங்களை விளக்கி, அவளைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். அவளால் இயலவில்லை. வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். அவள் கொப்பியை வாங்கிக்கொண்டு போய் அமர்ந்தாள். அதன் பின் கட்டுரை எழுதினாள், கடிதம் எழுதினாள், பரீட்சையில் சித்தியும் பெற்றாள். கவிதை எழுதவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஏறக்குறைய அதே நாட்களில்தான் நான் ஓர் இலக்கியக் கூட்டத்தில் மக்கள் இலக்கியத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். உள்ளடக்கமே உருவத்தைத் தீர்மானிக்கிறது என்றேன். உழைக்கும் மக்களின் பேச்சுமொழி இலக்கியத்துக்குள் வரவேண்டும் என்றேன். கைதட்டினார்கள். அந்த மேடையிலிருந்து இறங்கியவனுடைய பையிலேதான், உழைக்கும் மக்களின் பேச்சுமொழியைச் சிவப்பு மையால் வெட்டிய கொப்பிகள் இருந்தன.

இந்த முரண்பாட்டை எனக்கு உணர்த்தியவர் எந்தத் தமிழ் விமர்சகருமல்லர். ஒரு சிங்களக் கவிஞர். அவரை நான் அறிய நேர்ந்த வழியும் நேரான வழியன்று.

2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் திகன, தெல்தெனிய, அக்குறணை முதலிய இடங்களில் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நாட்கள் கழிந்து, ஊரடங்குச் சட்டம் நீங்கி, கடைகள் ஒவ்வொன்றாகக் கதவைத் திறந்த வாரத்தில், அயற்கிராமத்திலுள்ள ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் வாப்பாவின் நீண்டநாள் வாடிக்கையாளர். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. தேநீர் குடித்தார், என்ன படிப்பிக்கிறேன் என்று விசாரித்தார். தமிழ் இலக்கியம் என்றேன். சிங்களக் கவிதை படித்திருக்கிறேனா என்று கேட்டார். கடையில் பேரம் பேசவும் பஸ்ஸில் இடம் கேட்கவும் எனக்குச் சிங்களம் தாராளமாக வரும். ஒரு கவிதை நூலையேனும் நான் திறந்ததில்லை. பேராதனையில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்ற ஆண்டுகளில், நடந்து போகும் தூரத்தில் சிங்கள நூல்கள் அடுக்கியிருந்தன. தேடாதது என் சோம்பலேயன்றி வேறெவர் குற்றமுமன்று.

அடுத்த வருகையில் அவர் கொண்டுவந்த நூல் ‘மஸ் லே நெதி எட்ட’. ‘தசையும் குருதியும் இல்லாத எலும்புகள்’ என்று அதற்குப் பொருள் கூறலாம். ஆசிரியர் சிறி குணசிங்க. வெளிவந்த ஆண்டு 1956.

“நான் மாணவனாக இருந்தபோது இதைக் காட்டினேன், இது கவிதையல்ல, முறித்துப் போட்ட வசனம் என்று எங்கள் ஆசிரியர் சொன்னார்” என்று அவர் சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கையெழுத்தில் நானே எழுதிய வாக்கியம் எனக்கு முன்னே வந்து நின்றது.

சிறி குணசிங்க 1925இல் ருவன்வெல்லையில் பிறந்தவர். சமஸ்கிருதம் பயின்றவர். பாரிஸ் நகரின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் இந்திய ஓவியக் கலையை ஆராய்ந்து 1955இல் கலாநிதிப் பட்டம் பெற்றவர். பேராதனையில் சமஸ்கிருத விரிவுரையாளராக இருந்தார். பழைய சாஸ்திரங்களில் இத்துணை ஊறிய ஒருவரே பழைய யாப்பை உதறினார் என்பது கவனிக்கத்தக்கது. யாப்பு அறியாதவன்தான் யாப்பை மீறுவான் என்று நாம் வழக்கமாகச் சொல்வதுண்டு. அது எப்போதும் உண்மையன்று.

அவருக்கு முன்பு சிங்களக் கவிதை எந்நிலையில் இருந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லவேண்டும். சிங்களச் செய்யுளின் மக்கள் வடிவம் ‘சிவ்பத’ எனப்படும் நாலடிப் பாட்டு. நான்கு அடிகளும் ஒரே ஓசையில் முடியவேண்டும். இவ்விறுதி இயைபை அவர்கள் ‘எளிவெட்ட’ என்பர். அடிக்குப் பதினெட்டு மாத்திரை கொண்ட ‘சமுத்ரகோஷ’ விருத்தம் பெருவழக்கு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கொழும்பைச் சேர்ந்த கவிஞர்கள் இவ்வடிவத்தைப் பத்திரிகைகளின் வாயிலாகப் பரப்பினர். அதனால் கவிதை பலரிடம் சென்றது என்பதை மறுக்கலாகாது. ஆனால் நாளடைவில் நான்கு இயைபுச் சொற்கள் கிடைத்தால் ஒரு பாட்டு கிடைத்துவிடும் என்ற நிலை உண்டாயிற்று. சொல்லைத் தேடுகிறவர் பொருளைத் தேட மறந்தார். எங்கள் மாணவர்களின் மயில்களும் இவ்வாறு வந்தவைதாம்.

ஜீ. பீ. சேனாநாயக்க 1946இல் வெளியிட்ட ‘பளிகெனீம’ என்ற நூலில், சிறுகதைகளோடு யாப்பற்ற கவிதைகள் சிலவற்றையும் சேர்த்திருந்தார். அது தொடக்கம். பத்து ஆண்டுகளின் பின் அதை ஓர் இயக்கமாக்கும் துணிவுடன் வந்தது குணசிங்கவின் தொகுதி. சிங்களத்தில் ‘நிசந்தெஸ்’ என்று வழங்கும் சந்தமற்ற கவிதை அதிலிருந்து ஓர் இலக்கிய விவகாரமாகியது. அடியின் நீளத்தை முன்கூட்டியே வகுத்த மாத்திரைக் கணக்கு தீர்மானிக்கக் கூடாது. சொல்லப்படும் உணர்ச்சி எங்கே நிற்கிறதோ அங்கே அடியும் நிற்கவேண்டும். இதுவே அக்கவிதையின் வழி. 1958இல் ‘அபினிக்மன’, 1962இல் ‘ரத்து கெக்குள’ ஆகிய தொகுதிகள் தொடர்ந்தன. 1960இல் வந்த ‘ஹெவனெல்ல’ என்ற நாவலில், கிராமத்திலிருந்து பல்கலைக்கழகம் வந்த இளைஞனொருவனின் மனக்குழப்பத்தை நனவோட்ட முறையில் எழுதினார். 1967இல் ‘சத் சமுதுர’ என்ற திரைப்படத்தை இயக்கி, கடலோர மீனவக் குடும்பமொன்றின் வாழ்வைக் கூடத்துச் சோடனைகளின்றிக் காட்டினார். சரச்சந்திரவின் ‘மனமே’ நாடகம் 1956 நவம்பரில் முதன்முதலாக மேடையேறியபோது அதற்கு ஆடையணியும் ஒப்பனையும் வகுத்தவரும் அவரே.

எதிர்ப்பு இல்லாமலில்லை. உருவவாதி என்றனர், மேனாட்டு மோகம் என்றனர், மக்களுக்கு விளங்காது என்றனர். மார்ட்டின் விக்கிரமசிங்க போன்ற பெரியவரே பேராதனை எழுத்தாளரைக் கடுமையாக விமர்சித்தார். இவ்விவாதத்தைப் படித்துக்கொண்டு போகையில், பெயர்களை மட்டும் மாற்றினால் இது நம்முடைய விவாதமே என்ற எண்ணம் எனக்கு ஏற்பட்டது. 1959இல் சி. சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய பின் தமிழ்ப் புதுக்கவிதையைப் பற்றி இருகரையிலும் எழுந்த வாதங்கள் இவைதாமே? நம் முற்போக்கு அணியினரில் பலர் அப்போது புதுக்கவிதையை ஐயத்துடனேயே நோக்கினர். அந்த ஐயத்தைப் பாடமாகப் படித்து வளர்ந்தவர்களில் நானும் ஒருவன்.

இந்தக் கேள்வியின் பெரிய உதாரணம் ருஷ்யா. 1912 டிசம்பரில் நான்கு இளைஞர்கள் ஒரு பிரகடனத்தை வெளியிட்டனர். பொதுமக்களின் இரசனையை அறைவதாகவே அதற்குத் தலைப்பு. புஷ்கினையும் தொல்ஸ்தோயையும் தற்காலம் என்ற கப்பலிலிருந்து தூக்கியெறிய வேண்டுமென்று அதில் முழங்கினர். நால்வரில் ஒருவர் மாயாகோவ்ஸ்கி. மற்றொருவர் வெலிமிர் க்ளெப்னிக்கோவ். க்ளெப்னிக்கோவ் ‘சிரிப்பு’ என்ற ஒரு வேர்ச்சொல்லை எடுத்து, அதிலிருந்து அகராதியில் இல்லாத சொற்களைக் கிளைக்கச் செய்து ஒரு முழுக் கவிதையாக்கினார். வரலாற்றுச் சம்பவங்களுக்கிடையே எண்களின் ஒழுங்கைத் தேடிக் கணக்குப் போட்டுக்கொண்டு திரிந்தார். கையெழுத்துப் பிரதிகளைத் தலையணை உறையில் திணித்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்து, 1922இல் தமது முப்பத்தாறாம் வயதில் ஒரு கிராமத்தில் இறந்தார். இவரால் பாட்டாளிக்கு என்ன பயன் என்று கேட்பது எளிது. ஆனால் மாயாகோவ்ஸ்கி அவரைத் தமக்கு வழிகாட்டியவராகவே போற்றினார். சொல்லை உடைத்துப் பார்க்கும் அந்தச் சோதனைச்சாலையில் பழகிய கைதான், 1919 முதல் புரட்சி அரசின் செய்தி நிறுவனத்துக்காகச் சுவரொட்டிகளையும் அவற்றுக்கான அடிகளையும் ஆக்கிக் குவித்தது. படிப்பறிவு குறைந்த மக்களும் தெருவில் நின்று பார்த்து விளங்கிக்கொண்ட சுவரொட்டிகள் அவை. பரிசோதனையும் மக்கள் சார்பும் ஒன்றையொன்று கொல்ல வேண்டியவையல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

எனினும் அக்கதையின் முடிவையும் மறைக்கலாகாது. உங்கள் கவிதை தொழிலாளருக்கு விளங்கவில்லை என்ற குற்றச்சாட்டு மாயாகோவ்ஸ்கியை இறுதிவரை துரத்தியது. 1930 ஏப்ரல் 14இல் அவர் தம்மைத் தாமே சுட்டு மாண்டார். அதற்குக் காரணங்கள் பல. ஆனால் மக்களின் பெயரால் மக்கள் கவிஞன் ஒருவனை அதட்டியவர்கள் அத்தனை பேரும் மக்களாக இருக்கவில்லை. அவர்களிற் சிலர், என்னைப் போலவே, கையில் சிவப்பு மை வைத்திருந்தவர்கள்.

இனி, என் மாணவி கேட்ட கேள்விக்கு வருகிறேன். சிங்கள நெடுங்கணக்கில் இரண்டு னகரங்களும் இரண்டு லகரங்களும் உண்டு. எழுத்தில் வேறுபாடு, இன்றைய பேச்சிலோ ஒரே ஒலி. எந்தச் சொல்லுக்கு எது வரும் என்பதை மனனஞ் செய்தே அறியவேண்டும். வரலாறு தெரிந்தவனுக்கு அது அழகு; தெரியாத ஏழைப் பிள்ளைக்கு அது பரீட்சையில் வெட்டப்படும் புள்ளி. சிறி குணசிங்க பின்னாளில் மூர்த்தன்ய ‘ண’வையும் ‘ள’வையும் தம் எழுத்தில் கைவிட்டார். சமஸ்கிருத விரிவுரையாளருக்கு அவ்வெழுத்துக்களின் பிறப்பிடம் தெரியாதா? தெரிந்தே விட்டார். இதைப் படித்த அன்று இரவு எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. ஒரு பேரறிஞர் செய்தால் சீர்திருத்தம். ஒரு சிறுமி கேட்டால் சிரிப்பு.

இது தனியொருவரின் விசித்திரமுமன்று. 1918இல் சோவியத் அரசு ருஷ்ய நெடுங்கணக்கிலிருந்து சில எழுத்துக்களை நீக்கியது. தந்தை பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் தமிழ் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாளத் தொடங்கினார். தமிழ்நாட்டு அரசு அதன் ஒரு பகுதியை 1978இல் ஏற்றது. எங்கள் முன்னோரும் சும்மா இருக்கவில்லை. அரபு எழுத்திலே தமிழை எழுதினர். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக எழுத்துக்களின் மீதும் கீழும் புள்ளிகளைச் சேர்த்துப் புதிய வரிவடிவங்களை உண்டாக்கினர். என் உம்மும்மா தமிழ் நெடுங்கணக்கு அறியாதவர். ஆனால் அரபுத் தமிழ்க் கிதாபுகளைத் தடையின்றி வாசிப்பார். அவரை நாங்கள் எழுத்தறியாதவர் என்றே கணக்கிட்டிருந்தோம்.

தமிழில் ணகரத்தை ஒழிக்கவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ‘மணம்’ வேறு, ‘மனம்’ வேறு. சிங்களத்தின் நிலை வேறு, தமிழின் நிலை வேறு. எழுத்து மரபை மாணவன் அறியத்தான் வேண்டும். அதைக் கற்பிப்பதற்கே எனக்குச் சம்பளம். ஆனால் கற்பிப்பதற்கு ஒரு நேரமுண்டு. ஒரு பிள்ளை தன் வீட்டுக்குள் வெள்ளம் வந்ததைச் சொல்லும் நேரம் அதுவன்று. அவள் கேட்டது சோம்பேறியின் கேள்வியுமன்று. மொழியைக் காதால் கேட்டு, எழுத்தோடு ஒப்பிட்டு, வேறுபாட்டைக் கண்டவளின் கேள்வி. மொழியியல் அங்கேதான் தொடங்குகிறது.

சிறி குணசிங்கவை நான் பூசிக்கவில்லை. எனக்கு அவரோடு முரண்பாடுகளும் உண்டு. சந்தத்தைத் துறந்த கவிதை கிராமத்துச் செவியிலிருந்து விலகி, படித்தோரின் கண்ணுக்குரியதாகும் ஆபத்து உண்டு. நிசந்தெஸ் கவிதை பல்கலைக்கழக வட்டத்திலேயே பெரிதும் உலவியது. அவரும் எழுபதுகளின் வாசலில் கனடா சென்று, விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஆசியக் கலை வரலாறு கற்பித்து, அந்நகரிலேயே 2017 மே மாதம் தமது 92ஆம் வயதில் காலமானார். புதிய உருவம் தானாகவே புதிய சமுதாயத்தைக் கொண்டுவந்துவிடாது. ‘மஸ் லே நெதி எட்ட’ வெளிவந்த அதே 1956இல்தான் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கும் 33ஆம் இலக்கச் சட்டமும் நிறைவேறியது. சிங்களக் கவிதை தன் விலங்கை முறித்த ஆண்டில், எங்கள் மொழிக்கு அரச காரியாலயங்களின் கதவு சாத்தப்பட்டது. இவ்விரண்டையும் ஒரே ஆண்டின் இரு முகங்களாகப் பார்க்க நம்மவர் எவரும் எனக்குக் கற்றுத்தரவில்லை. நானும் என் மாணவர்க்குக் கற்றுக்கொடுக்கவில்லை. சட்டத்தை அறிந்தோம், கவிதையை அறியவில்லை. அண்டை வீட்டாரின் கோபத்தை மட்டும் அறிந்து, அவர்களது துக்கத்தை அறியாமல் வாழ்ந்தோம். அவர்களும் எங்களை அவ்வாறே அறிந்தனர். 2018 மார்ச்சில் எரிந்த கடைகளுக்குக் கவிதை வாசிக்காததே காரணம் என்று சொல்லும் அளவுக்கு நான் வெகுளியல்லன். காரணங்கள் அரசியலிலும் பொருளாதாரத்திலும் இருக்கின்றன. ஆயினும் ஒருவரையொருவர் அறியாத மக்களிடையே வதந்தி எவ்வளவு விரைவாக நடக்கும் என்பதை நாங்கள் கண்ணால் கண்டோம்.

பேராதனை என்ற அந்த மலையடிவாரத்திலே ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இரு மொழிகளும் அருகருகே வேலை செய்தன. சரச்சந்திர நாடகத்தை மறுபடி மண்ணில் நடக்கச் செய்தார். அதைக் கண்டு ஊக்கம் பெற்ற பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’ மூலம் நாட்டுக்கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். சிறி குணசிங்க யாப்பை உடைத்துக்கொண்டிருந்த காலத்தில் கைலாசபதி அங்கே மாணவர். நாடகத்தில் நிகழ்ந்த அந்த உறவு கவிதையிலும் நிகழ்ந்திருந்தால் நம் விவாதங்கள் இன்னும் செழுமையாக இருந்திருக்கும்.

நம் தமிழ்க் கவிஞர் இப்பிரச்சினையை வேறு வழியில் அணுகினர் என்பதையும் சொல்லவேண்டும். ஈழத்தில் மஹாகவி யாப்பை உடைக்கவில்லை. யாப்புக்குள்ளே பேச்சோசையைக் கொண்டுவந்து, அடிகளைப் பேச்சின் நிறுத்தத்துக்கேற்ப முறித்து எழுதினார். 1966இல் வந்த ‘குறும்பா’ ஒரு புதிய வடிவத்தையே தமிழுக்குத் தந்தது. முருகையனும் அவ்வாறே யாப்பைச் சிந்தனைக்குரிய கருவியாக்கினார். ஆக, உடைப்பது மட்டும் பரிசோதனையன்று, வளைப்பதும் பரிசோதனைதான். எங்கள் கண்டிச் சீமையும் புதுமைக்கு அந்நியமன்று. கண்டியில் வாழ்ந்த சித்தி லெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கி, 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ வெளியிட்டபோது தமிழில் நாவல் என்ற வடிவமே புதிது. இது என்ன வடிவம், காவியமுமில்லை புராணமுமில்லை என்று அவரது கொப்பியை யாரேனும் சிவப்பு மையால் வெட்டியிருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

எனவே நான் வந்தடைந்த முடிவு இது. ஓர் உருவம் புதியதா பழையதா என்பது முதற் கேள்வியன்று. அந்த உருவம் யாருடைய குரலை உள்ளே விடுகிறது, யாருடைய குரலை வாசலில் நிறுத்துகிறது என்பதே கேள்வி. என் மாணவியின் அடிகளில் எதுகை இல்லை. ஆனால் ஏலக்காய்ச் சாக்குடன் நின்ற சிறுவியாபாரி இருந்தார். ஓடையை நெருக்கிய பெரிய கட்டிடத்தின் விளக்கு இருந்தது. அந்த விளக்கின் கீழ் எது எழுதப்படாமல் இருந்ததோ அதுவும் இருந்தது. முற்போக்கு விமர்சகன் தேடியலைய வேண்டிய உள்ளடக்கம் அத்தனையும் பத்தாம் தரத்துக் கொப்பியில் கிடைத்தது. உள்ளடக்கமே முதன்மையானது என்று மேடையில் முழங்கிய நான், உருவத்தின் பெயரால் அதைத் தள்ளுபடி செய்தேன். பழைமைவாதி என் எதிரே இருக்கிறார் என்றெண்ணிப் போராடிக்கொண்டிருந்தேன். அவர் என் நாற்காலியில்தான் இருந்தார்.

சென்ற ஆண்டு அவளைக் கடைவீதியில் சந்தித்தேன். இப்போது தையல் நிலையமொன்றில் கணக்கு எழுதுகிறாள். சலாம் சொன்னாள். நலம் விசாரித்த பின், தயங்கித் தயங்கி அந்தக் கவிதையைப் பற்றிக் கேட்டேன். நான் செய்தது பிழை என்றும் சொன்னேன்.

“அத அன்டைக்கே கிழிச்சிட்டேன் சேர்” என்றாள். குரலில் வருத்தமோ கோபமோ இல்லை. பின்பு, “எனக்கு அதுல ஒரு வரிதான் ஞாபகம் ஈக்கி. சலாம் சொல்லாம வந்திச்சி எண்டது” என்று சொல்லி, வேலைக்கு நேரமாகிவிட்டதென்று நடந்தாள்.

இப்பொழுது வாரத்தில் ஒரு பாடவேளையை ஒதுக்கியிருக்கிறேன். அந்த நாற்பது நிமிடங்களில் மாணவர் எதைப் பற்றியும், எந்த வடிவிலும், வீட்டில் பேசும் சொல்லிலேயே எழுதலாம். சிங்களச் சொல் வந்தால் வரட்டும். நான் நீல மையால் ஒரு கேள்வி மட்டும் எழுதுவேன்: அடுத்து என்ன நடந்தது, யார் நின்றார்கள், என்ன மணம் வீசியது. எழுத்துப் பிழைகளை வேறொரு நாள் இலக்கண வகுப்பில் பெயர் சொல்லாமல் எடுத்துக்கொள்கிறோம். பரீட்சைக்குரிய மரபுக் கவிதையையும் விடாமல் படிக்கிறோம். எல்லோரும் கவிஞராகிவிடவில்லை, பலர் இன்னும் மயிலைத்தான் எழுதுகிறார்கள். ஓய்வுபெற்ற அந்தச் சிங்கள ஆசிரியர் மாதமொருமுறை வருகிறார். நானும் அவரும் ஒரு கவிதையை எடுத்துக்கொண்டு, அவர் சிங்களத்தில் வாசிக்க, நான் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன். பல இடங்களில் தோற்றுப்போகிறேன். அவரும் என்னிடம் மஹாகவியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஆசிரிய நண்பர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் மேசையில் கிடக்கும் கொப்பிகளில் யாப்புக்கு அடங்காத ஓர் அடியைக் கண்டால், பேனாவைத் திறக்குமுன் அதை ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். அது உண்மையிலேயே வெறும் வசனமாக இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் ஒரு வீட்டுக்குள் சலாம் சொல்லாமல் புகுந்த வெள்ளமாகவும் இருக்கலாம். அதைக் கிழித்த பின் திரும்பக் கேட்டால் கிடைப்பதில்லை.